ஏழாண்டுக் குடிபெயர்ச்சி

2008-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சினிமாப் படங்களை டி.வி.டி.க்களாகத் தபாலில் அனுப்பி வாடகை வசூலித்துவந்த அமெரிக்க ஸ்தாபனமாகிய நெட்ஃபிளிக்ஸின் பிரதான டேட்டாபேஸ் பழுதுற்று, மூன்று தினங்கள் அங்கத்தினருக்குப் படம் அனுப்ப இயலாமற் போயிற்று. சொந்த டேட்டா சென்டரில் ஒரு சில பெரிய யந்திரங்களையே நம்பியிருப்பதன் அபாயத்தை அப்போது உணர்ந்த அதன் பொறியாளர்கள், கம்ப்யூட்டர் சக்தியை 2006 முதல் மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டுவந்த அமேசானின் கிளவுடுக்குக் குடிபெயர்வதென்று தீர்மானித்தார்கள். அது முற்றுப்பெற்றது 2016 ஜனவரியில்.

சில மணி நேரத்தில் நகல் எடுத்துவிடக்கூடிய மென்பொருளை இடம் மாற்ற ஏழு வருஷமா என்று வாசகர் வியக்கலாம். கிளவுடில் நாம் வாடகைக்கு எடுக்கும் சர்வர் எக்கணமும் செயலற்றுப் போகக்கூடும். போனால் மற்றொன்றைச் சில நிமிஷங்களிலேயே பெறலாம் என்பதுதான் அங்குள்ள சௌகரியம். தன் சர்வர் என்றும் நிலைத்திருக்கும் என்று எண்ணி எழுதப்பட்ட பழைய மென்பொருளை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அங்கே இறக்கினால், அதன் வியாதிகளும் கூடவே வந்துசேரும். ஆதலால் ஒரே பிண்டமாயிருந்த அதனை நூற்றுக்கணக்கான மைக்ரோசர்வீஸ்களாகப் பிரித்து, ஒன்று வீழ்ந்தாலும் மற்றவை இயங்கும்படி புதிதாக எழுதினார்கள். அங்கத்தினரிடம் பணம் வசூலிக்கும் கணக்கு, பிழை பொறுக்காத பகுதியாதலால், கடைசியிலேயே நகர்ந்தது.

இவ்வளவும் செய்துவருகையிலேயே பரீட்சிக்க வேண்டாமா? கேயாஸ் மங்கி என்று ஒரு புரோகிராம் எழுதி, அங்கத்தினர் தபாலிலன்றி இன்டர்நெட் வழியாகப் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏதேனுமொரு சர்வரைத் திடீரென்று நிறுத்திவிடும்படி அதனை ஏவினார்கள். அதுவும் பொறியாளர்கள் விழித்திருந்து கவனிக்கக்கூடிய அலுவலக நேரத்தில். கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாக இருப்பினும், இந்தச் சரித்திரத்திலேயே புத்திசாலித்தனமான காரியம் இதுவென்பது என் அபிப்பிராயம்.

எனினும் 2012 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பாரத்தைச் சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் அமேசானின் சேவைக்குரிய தகவல்கள் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, அதன் அமெரிக்கக் கிழக்குப் பிராந்தியத்துச் சர்வர்களை நம்பியிருந்த பல வீடுகளில் படம் வரவில்லை. சர்வர்கள் மாத்திரமல்ல, ஒரு பிராந்தியமே செயலிழந்தாலும் மற்றொன்று தாங்கவேண்டும் என்ற ஏற்பாடு அதன் பின்னர் வந்தது.

ஒரு விசேஷம்: இத்தனை பிரயாசைக்குப் பிறகும், படங்கள் வீடுகளுக்கு அமேசானிலிருந்து வருவதில்லை. அங்கத்தினரை அடையாளம் காண்பது, படங்களைச் சிபாரிசு செய்வது முதலியன கிளவுடின் வேலை. படமோ, இன்டர்நெட் கம்பெனிகளின் கட்டடங்களில் நெட்ஃபிளிக்ஸ் கொண்டுபோய் வைத்திருக்கும் தன் சொந்தச் சர்வர்களிலிருந்தே வருகிறது.