ஒப்பனைத் தூரிகையும் பூந்திக்கொட்டையும்

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் முன்னோர் வாக்கு. உடுத்தும் துணிக்கே இத்தனை கவனம் வேண்டுமென்றால், முகத்திலும் கண்ணிமையிலும் நேரே படுகின்ற பொருளுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்! ஆண்டு விழா நாளன்று ஒப்பனை அறையில் அரசியைக் காண்கிறோம், குறத்தியைக் காண்கிறோம், ஒட்டு மீசை வைத்த அமைச்சரையும் காண்கிறோம். வேடங்கள் பல, ஆனால் அத்தனை முகங்களிலும் உலா வருவது பெரும்பாலும் ஒரே தூரிகைதான். விழா முடிந்ததும் அது அப்படியே டப்பாவுக்குள் போய்விடுகிறது. வீட்டில் அக்காமார் பயன்படுத்தும் பிரஷ்ஷின் கதையும் ஏறக்குறைய இதுவே. அத்தூரிகைகளை நம் வீட்டுப் பொருள்களைக் கொண்டே தூய்மை செய்வது எப்படி என்று பார்ப்போம், தோழியரே!

தூரிகையில் தங்குவது பவுடர் மட்டும் அன்று. முகத்தின் எண்ணெய்ப் பசையும், வியர்வையும், தோலிலிருந்து உதிரும் செல்களும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. ஈரமும் சேர்ந்துவிட்டால் பாக்டீரியாக்களுக்கு விருந்துதான். ஸ்டெஃபைலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும் இயல்பாகவே வாழ்கிறது. அது கிள்ளிய பருவின் வழியாகவோ இமை ஓரத்திலோ புகுந்துவிட்டால் கொப்புளமும் கண்கட்டியும் வருகின்றன. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரிலுள்ள ஆஸ்டன் பல்கலைக்கழகத்தார், பயன்பாட்டிலிருந்த 467 ஒப்பனைப் பொருள்களைச் சோதித்து 2019ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் ஒப்பனை ஸ்பாஞ்சுகளே மிக மோசமாக இருந்தன. அந்த ஸ்பாஞ்சுகளில் 93 சதவீதம் ஒருமுறைகூடக் கழுவப்படாதவையாம்!

கழுவுவதற்கு முன், தூரிகை எதனால் ஆனது என்று அறிதல் நலம். சில தூரிகைகள் ஆடு, அணில் முதலியவற்றின் உரோமத்தால் ஆனவை. உரோமம் என்பது நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்ற புரதம். மற்றவை நைலான் போன்ற செயற்கை இழைகள். புரதத்திற்குக் காரம் பகை. துணி துவைக்கும் சோப்பு நீரில் சிவப்பு லிட்மஸ் தாளைத் தோய்த்தால் அது நீலமாக மாறும். அக்காரம் உரோமத்தைச் சொரசொரப்பாக்கி உதிரச் செய்கிறது. பட்டும் புரதமே. அதனால்தான் நம் பாட்டிமார் பட்டுப் புடவையைச் சலவை சோப்பில் போடாமல் பூந்திக்கொட்டை நீரில் அலசினார்கள். பட்டுக்கு ஏற்றது தூரிகைக்கும் ஏற்றதே.

பூந்திக்கொட்டையின் தோலில் சபோனின் என்னும் பொருள் இருக்கிறது. அதன் மூலக்கூற்றின் ஒரு பகுதி நீரை நாடும். மறு பகுதி எண்ணெயை நாடும். எண்ணெயை நாடும் பகுதி அழுக்கைப் பற்றிக்கொள்ள, நீரை நாடும் பகுதி அதை நீருடன் இழுத்துச் செல்கிறது. சோப்பைப் பற்றி வேதியியலில் நாம் படிக்கும் அதே பாடந்தான் இது. ஆனால் பூந்திக்கொட்டை நீரில் காரம் இல்லை. அது சற்றே அமிலத்தன்மை உடையது. உப்புத் தண்ணீரில் சோப்புக் கரைத்தால் படியும் வெள்ளைப் பிசுக்கும் இதில் படிவதில்லை.

இனிச் செய்முறைக்கு வருவோம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பூந்திக்கொட்டை ஐந்தாறு எடுத்து, உடைத்து, உள்ளேயுள்ள கறுப்பு விதையை நீக்கிவிட வேண்டும். தோலை ஒரு டம்ளர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் நன்றாகப் பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். தூரிகையின் நுனியை மட்டும் அதில் நனைத்து, உள்ளங்கையில் வட்டமாக மெதுவாகத் தேய்த்தால் நுரையோடு நிறமும் வெளியேறும். பிறகு நுனியைக் கீழ்நோக்கிப் பிடித்து, தெளிந்த நீர் வரும்வரை அலச வேண்டும். உரோமத்தையும் கைப்பிடியையும் இணைக்கும் உலோகப் பூணுக்குள் நீர் புகலாகாது. புகுந்தால் பசை இளகி உரோமம் கழன்றுவிடும். ஆகவே கழுவியபின் டம்ளரில் நிமிர்த்தி வைக்காமல், துணியில் ஒற்றி, மேசை விளிம்பில் நுனி வெளியே நீட்டியிருக்குமாறு படுக்க வைத்து, நிழலில் முற்றிலும் உலர்த்துவோம். பூந்திக்கொட்டை நீர் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். எனவே கவனம் தேவை. மீந்த நீர் விரைவில் கெட்டுவிடுமாதலால் அன்றன்றே கொட்டிவிட வேண்டும்.

உதட்டுச் சாயமும் நாடக அரிதாரமும் எண்ணெயும் மெழுகும் கலந்தவை. இவற்றை எண்ணெயே எளிதில் கரைக்கும். எனவே முதலில் சில துளி தேங்காய் எண்ணெய் தடவித் துணியில் துடைத்துவிட்டு, அதன்பின் பூந்திக்கொட்டை நீரில் கழுவலாம். சீயக்காயும் அழுக்கைப் போக்கும். ஆனால் அதன் தூளும், கடலை மாவும் உரோமங்களின் இடையே சிக்கிக்கொள்ளும். வெண்ணிற உரோமத்தில் சீயக்காயின் பழுப்பும் ஏறும்.

வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்தால் பொங்குகிறதே, அழுக்கெல்லாம் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பொங்குவது கார்பன் டை ஆக்ஸைடு வாயுதான். அமிலமும் காரமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கிவிடுவதால், எஞ்சுவது பெரும்பாலும் உப்பு கலந்த நீரே. பொங்குவதெல்லாம் பால் ஆகுமா?

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இயற்கைப் பொருள்கள் அழுக்கையும் அதோடு பெரும்பாலான கிருமிகளையும் நீக்கும். ஆனால் கிருமிகளை அடியோடு அழித்துவிடா. எலுமிச்சைச் சாறும் அவ்வாறே. 'மெட்ராஸ் ஐ' வந்தவர் பயன்படுத்திய மையையும் தூரிகையையும் கழுவிவிட்டோம் என்ற துணிவில் மற்றவர் தொடவே கூடாது. நாடக நாட்களில் ஆளுக்கொரு பஞ்சுத் துண்டு கொடுப்பதும், பூச்சைக் கரண்டியால் தட்டில் எடுத்து வைத்துப் பூசுவதும் செலவில்லாத பாதுகாப்பு. முகப்பருவோ கண் எரிச்சலோ உள்ள தோழி, "எனக்கு வேறு பஞ்சு வேண்டும்" என்று கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை; கேட்பவளை நாம் கேலி செய்யவும் கூடாது.

வாரம் ஒருமுறை ஒரு பிடி நேரம் ஒதுக்கினால் போதும். தூரிகையும் நெடுநாள் உழைக்கும், முகமும் நலமாயிருக்கும். நமக்குச் சொந்தமான பொருளை நாம் தூய்மையாக வைத்துக்கொள்வது நம் நலத்திற்காக மட்டும் அன்று. பக்கத்தில் இருப்பவளின் கண்ணுக்கும் அதுவே காவல். அறிந்தோம், இனிக் கடைப்பிடிப்போம்!