மழைக்குப் பின் எரியும் மஞ்சள் விளக்கு

சிராங்கூன் சாலைப் பக்கம் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய காரின் வயது பதினைந்தைத் தொடப் போகிறது. மழை பெய்த மாலைகளில் கடைக்குப் பின்னாலுள்ள சந்தில் திரும்பும்போது ஏபிஎஸ் விளக்கு மஞ்சளாக எரிகிறதாம். மறுநாள் காலை பட்டறைக்குக் கொண்டுபோனால் விளக்கும் எரிவதில்லை, கோளாறும் தென்படுவதில்லை. ஒரு பட்டறையில், "ஓட்டுங்க, திரும்ப வந்தா பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொன்றில் ஏபிஎஸ் பம்பையே மாற்ற வேண்டும் என்று ஆயிரக்கணக்கான வெள்ளி கேட்டிருக்கிறார்கள். கடிதத்தின் அடியில், போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "சில நேரம் சிவப்பு விளக்கில் மெல்ல வந்து நிற்கிற கடைசி நொடியில் பெடல் காலுக்கடியில் தடதடக்கிறது."

பம்பை இப்போதைக்குத் தொட வேண்டாம். கடைசி வரியை ஏன் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன்.

சிங்கப்பூரில் பழைய கார் என்பதற்குத் தனிப் பொருளுண்டு. 1990ல் வாகன ஒதுக்கீட்டு முறை வந்தது முதல் காருக்கான உரிமைச் சான்றிதழின் ஆயுள் பத்து ஆண்டுதான். அதன் பிறகு காரைக் கழித்துவிடலாம், அல்லது பணம் கட்டி இன்னும் ஐந்தோ பத்தோ ஆண்டுகளுக்குச் சான்றிதழைப் புதுப்பிக்கலாம். புதுப்பித்தவர்களுக்குச் சாலை வரியில் கூடுதல் கட்டணம் ஆண்டுதோறும் ஏறி 50 விழுக்காட்டில் போய் நிற்கும். வாகனச் சோதனையும் ஆண்டுக்கு ஒருமுறை. இவ்வளவு செலவழித்து ஒரு காரை வைத்துக்கொள்பவர், அதன் வயர்களுக்கும் பத்து வயது கடந்துவிட்டது என்பதை மறந்துவிடுகிறார். சான்றிதழைப் புதுப்பிக்கலாம், செம்புக் கம்பியை அப்படிப் புதுப்பிக்க முடியாது.

ஏபிஎஸ் என்ன செய்யும் என்பது கார் ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். அவசரமாக பிரேக்கை மிதிக்கையில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல், நொடிக்குப் பல முறை அழுத்தத்தை விட்டுவிட்டுப் பிடிக்கும். 1950களில் டன்லப் நிறுவனம் விமானச் சக்கரங்களுக்காக மாக்சரெட் என்ற இயந்திரச் சாதனத்தைக் கொண்டுவந்தது. 1966ல் ஜென்சன் எஃப்எஃப் என்ற பிரிட்டிஷ் கார் அதைச் சாலைக்கு இறக்கியது. பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் 1978ல் மெர்சிடிஸ் எஸ் கிளாசில் வந்தது. தொடக்க மாதிரிகளில் ஆயிரம் பாகங்கள் வரை இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியை 140 பாகங்களாகச் சுருக்கிய பிறகுதான் அது காரின் சூட்டையும் குலுக்கலையும் தாங்கியது. மூளைப் பகுதி அன்றே பக்குவப்பட்டுவிட்டது. இன்றுவரை தகராறு செய்வது பெரும்பாலும் சேற்றிலும் தண்ணீரிலும் கிடக்கும் அதன் புலன்கள்தான்.

அந்தப் புலன் எனக்கு மிகவும் பிடித்த பொருள். பழைய கார்களில் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கட்டைவிரல் அளவில் ஒரு சென்சர் இருக்கும். உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி முடி போன்ற செம்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். எதிரே சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புப் பல் வளையம். ஒவ்வொரு பல்லும் காந்தத்தைக் கடக்கும்போது காந்தப்புலம் சற்று மாறும், சுருளில் சின்னதாக மின்னழுத்தம் எழுந்து அடங்கும். இதற்கு வெளியிலிருந்து மின்சாரமே தேவையில்லை. சக்கரம் சுழல்வதாலேயே செய்தி பிறக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வளையத்தில் 48 பற்கள், டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல்லுக்குச் சாலையில் 4 சென்டிமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது நொடிக்கு 400க்கு மேற்பட்ட துடிப்புகள். 5 கிலோமீட்டரில் ஊர்ந்தால் 35தான். வேகம் குறையக் குறையத் துடிப்புகளின் எண்ணிக்கை மட்டுமல்ல, அவற்றின் மின்னழுத்தமும் குறைந்துகொண்டே வரும். காந்தத்துக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அந்த இடைவெளி சிறிது கூடினாலும் விரைவுச்சாலையில் ஒன்றும் தெரியாது. மெல்ல நிற்கப்போகும் நேரத்தில்தான் தெரியும்.

இங்கேதான் வாசகரின் கடைசி வரி வருகிறது. சென்சர் உட்கார்ந்திருக்கும் பரப்புக்கும் அதன் தட்டுக்கும் நடுவே துரு படிகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், வளர வளரச் சென்சரை மெல்ல மேலே தள்ளும். அரை மில்லிமீட்டர் தூக்கினாலே போதும். கார் நிற்கப்போகிறது. மற்ற மூன்று சக்கரங்களும் இன்னும் உருள்வதாகச் சொல்கின்றன. துரு தள்ளிய சென்சரின் மின்னழுத்தம் மட்டும் மற்றவற்றுக்கு முன்பே அறிய முடியாத அளவுக்கு இறங்கிவிடுகிறது. இது துருவின் வேலை என்று கணினிக்கு எப்படித் தெரியும்? "மூன்று சக்கரம் உருள்கிறது, ஒன்று மட்டும் நின்றுவிட்டது, ஆகவே அது பூட்டிக்கொண்டது" என்று முடிவு செய்து, அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை விடுவிக்கிறது. பெடல் தடதடக்கிறது. கார் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நகர்கிறது. மஞ்சள் விளக்கு எரிவதில்லை, ஏனென்றால் கணினியைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கோளாறு நடந்துகொண்டிருக்கும் அந்த நொடியில் அமைப்பு தன் கடமையைச் செய்வதாக நம்பிக்கொண்டிருக்கிறது. இயந்திரங்களில் இதைவிட விசித்திரமான தவறு எனக்குத் தெரிந்து குறைவு.

இது ஏதோ ஒரு காருக்கு நேர்ந்த விபரீதம் அல்ல. பனிக்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவும் அமெரிக்க மாநிலங்களில் இதே துரு, இதே தூக்கல், இதே மெதுவேகத் தடதடப்பு. 2005ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 8 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. நம் ஊரில் யாரும் சாலைக்கு உப்புப் போடுவதில்லை. ஆனால் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழையும், காயவே விடாத ஈரக்காற்றும், நான்கு பக்கமும் கடலும் இருக்கின்றன. நேரம் சற்று அதிகமாகும், அவ்வளவுதான். பதினைந்து வயதுக் காருக்கு அந்த நேரம் கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையை ஒட்டிய தேக்கா பக்கம் கார் ஓட்டியவர்களுக்கு, கார் தாண்டி நகரும் அந்த ஓரடி தூரத்தின் மதிப்பு தெரியும். பஃபலோ ரோட்டிலும் கெர்பாவ் ரோட்டிலும் ஆட்கள் காரின் முகப்பை உரசிக்கொண்டுதான் கடக்கிறார்கள். மெதுவாகத்தானே போகிறோம் என்று இதை அலட்சியம் செய்யக் கூடாது.

இனி மழை விளக்கு. ஏன் மழையில் மட்டும், ஏன் திரும்பும்போது மட்டும்? முன்சக்கரச் சென்சரின் வயர் சஸ்பென்ஷனை ஒட்டி வளைந்து போகிறது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அது மடங்கி நிமிர்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் (வீவக) பேட்டைகளில் குடியிருப்பவர்கள் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சுழல் பாதையில் காலையில் இறங்கி மாலையில் ஏறுகிறார்கள். அந்த வயருக்கு வாழ்நாள் முழுக்க உடற்பயிற்சி! வெளியே ரப்பர் உறை நன்றாகவே இருக்கும், உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கும். அல்லது கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்து பச்சைப் பாசி போல் களிம்பு ஏறியிருக்கும். ஈரமாக இருக்கும்வரை சிக்னல் கசியும். இரவில் காயும், காலை வெயிலில் பட்டறை போய்ச் சேர்வதற்குள் எல்லாம் சரியாகிவிடும். மெக்கானிக்கும் பொய் சொல்லவில்லை, வாசகரும் பொய் சொல்லவில்லை. காய்ந்த வயரைப் பார்த்தவர் ஒருவர், நனைந்த வயரோடு ஓட்டியவர் இன்னொருவர்.

அதனால் கோளாறைத் தேடுவது காரில் அல்ல, கார்க்காரரிடம் தொடங்க வேண்டும். என்ன வேகம், மழையா வெயிலா, இடப்பக்கம் திரும்பினீர்களா வலப்பக்கமா, வண்டி எடுத்து எவ்வளவு நேரத்தில்? இவற்றை ஒரு தாளில் எழுதிவைத்திருக்கும் வாடிக்கையாளர் மெக்கானிக்குக் கிடைத்த பாதி விடை.

அடுத்தது பதிந்திருக்கும் கோளாறு எண். விளக்கு அணைந்துவிட்டாலும் எண் கணினியின் நினைவில் தங்கியிருக்கும். இணையத்தில் மலிவாக விற்கும் ஸ்கேனர்களில் பல, எஞ்சினோடு மட்டுமே பேசும், ஏபிஎஸ்ஸோடு பேசாது. அதில் "கோளாறு இல்லை" என்று வந்தால் அதை நம்பிவிடாதீர்கள். பழைய டொயோட்டா கார்கள் பலவற்றில் ஸ்கேனரே வேண்டாம். டாஷ்போர்டுக்குக் கீழுள்ள 16 முனைச் செருகியில் 4ஐயும் 13ஐயும் ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், ஏபிஎஸ் விளக்கே கண் சிமிட்டிச் சொல்லும். மூன்று முறை சிமிட்டி, சற்று நிறுத்தி, ஒருமுறை சிமிட்டினால் 31, அதாவது வலது முன்சக்கரச் சென்சர். 32 என்றால் இடது முன்சக்கரம். கோளாறே இல்லையென்றால் ஒரே சீராகச் சிமிட்டிக்கொண்டிருக்கும். தப்பான முனைகளை இணைத்தால் வேறு பாகம் புகைந்துவிடும் என்பதால், இதைத் தெரிந்தவர் கையில் விடுவதே நல்லது.

எண் சொல்வது எந்தச் சக்கரத்தின் பாதையில் தகராறு என்பதை மட்டும்தான். சென்சரா, வயரா, கனெக்டரா, பல் வளையமா என்று அது சொல்லாது. பல பட்டறைகள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். எண்ணைப் படித்தவுடன் பாகத்தை மாற்றிவிடுகிறார்கள். என் அம்மா தேக்காவில் ஒரு மாடிக் கடையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். தையல் இடையிடையே விட்டுப்போனால் துணியையும் குறை சொல்லமாட்டார், மெஷினையும் பிரிக்கமாட்டார், முதலில் ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சில காசு ஊசி வளைந்திருக்கும். ஏபிஎஸ் பம்புக்கு விலை சொல்வதற்கு முன் சென்சரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்களா என்று கேட்கும் உரிமை வாசகருக்கு உண்டு.

நல்ல மெக்கானிக் செய்வது இதுதான். ஸ்கேனரில் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒரே திரையில் கோடுகளாகப் போட்டுக்கொள்வார். இன்னொருவரை ஓட்டச் சொல்லி, காலியான இடத்தில் 20 கிலோமீட்டரிலிருந்து மெல்ல நிறுத்தச் சொல்வார். நான்கு கோடுகளும் சேர்ந்து இறங்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றுக்கு முன் பொத்தென்று விழுந்தால் அதுதான் சக்கரம். பிறகு காரைத் தூக்கி, சென்சரின் மின்தடையை அளப்பார். இவ்வகைச் சென்சர்களில் பெரும்பாலும் ஓராயிரம் ஓம் அக்கம்பக்கத்தில் இருக்கும். மீட்டரை மாட்டியபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி, வயரை விரலால் நெளித்து, செடிக்குத் தெளிக்கும் புட்டியால் கனெக்டரில் தண்ணீர் அடித்துப் பார்ப்பார். மீட்டரில் எண் துள்ளினால் மழையைப் பட்டறைக்குள்ளேயே வரவழைத்துவிட்டார் என்று அர்த்தம். அலைவரைவி வைத்திருப்பவர் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்ப்பார். சீரான அலைகளுக்கு நடுவே சுற்றுக்கு ஒருமுறை ஒரு பள்ளம் விழுந்தால், துரு நெருக்கி வளையத்தில் விரிசல் விழுந்துவிட்டது. சக்கர பேரிங் ஆடினாலும் அலையின் உயரம் ஏறி இறங்கும்.

இதற்கெல்லாம் ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்க நாம் தயங்குகிறோம், பாகத்துக்கு மட்டும் கொடுக்கிறோம். அதனால்தான் பட்டறைகளும் யோசிப்பதை நிறுத்திவிட்டுப் பாகம் விற்கின்றன. சென்சரைக் கழற்றி, உட்காரும் இடத்தைத் துரு போகத் தேய்த்து, திரும்ப மாட்டினாலே தீர்ந்துபோகும் கோளாறுக்கு எத்தனை பம்புகள் மாறியிருக்குமோ! பம்போடு ஒட்டிய கட்டுப்பாட்டுப் பெட்டியில் பற்றவைப்பு விட்டுப்போவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும். பலவீனமான பேட்டரிகூட அதற்கு முன்னால் வரிசையில் நிற்கிறது.

ஆண்டுச் சோதனையில் தேறிவிட்டதே என்று சிலர் சொல்வார்கள். உருளைகளின் மேல் சக்கரத்தை மெதுவாகச் சுழற்றி அளப்பது பிரேக்கின் பிடியை. ஈரச் சாலையில் நான்கு சக்கரங்களும் கணினியோடு ஒத்துப் பேசுகின்றனவா என்பது அந்த உருளைக்குத் தெரியாது.

இன்னொரு வழக்கம் எனக்குக் கோபமூட்டுவது. விளக்கு தொல்லை தருகிறது என்று பல்பைப் பிடுங்கிவிடுகிறார்கள், அல்லது ஃபியூஸை உருவிவிடுகிறார்கள். அந்தக் காரை அடுத்து வாங்குபவருக்கு ஏபிஎஸ் இல்லை என்பதே தெரியாது. பழைய கார் வாங்குவோர் பேரம் பேசுவதற்கு முன் சாவியைத் திருப்பி, எஞ்சினை எடுக்காமல், டாஷ்போர்டைப் பாருங்கள். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

வாசகருக்கு ஒன்று. மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், இடைவெளி விட்டு நிதானமாக ஓட்டலாம். அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் முதலில் ஹேண்ட்பிரேக் இறங்கியிருக்கிறதா, பிரேக் எண்ணெய் அளவு சரியா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் சிவப்பு அணையவில்லையென்றால், முன்பின் சக்கரங்களுக்கு இடையே அழுத்தத்தைப் பங்கிடும் வேலையும் நின்றுபோயிருக்கலாம். திடீரென்று மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக் கார் சுழலக்கூடும். அப்போது பட்டறை பக்கத்துத் தெருவிலேயே இருந்தாலும் ஓட்டிப் போகாமல் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.