ஓடும் வீட்டின் சக்கரம்

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றையும் சுமந்து ஓடும் வாகனமே மோட்டார் ஹோம். பயணத்தில் அதன் டயர் வெடித்தால் சட்டென்று பிரேக்கை மிதிக்கக் கூடாது. பாரமான வாகனம் கட்டுப்பாடிழந்து புரளலாம். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, வேகத்தை மெல்லக் குறைத்து, சமதரையான ஓரத்தில் நிறுத்த வேண்டும்.

ஜெக் வைக்குமுன், உறங்கும் குழந்தை உட்பட எல்லோரையும் இறக்கி, வீதியை விட்டு விலகி நிற்கச் செய்ய வேண்டும். உள்ளே ஒருவர் நடந்தாலே வாகனம் ஜெக்கிலிருந்து சரியலாம். சக்கர நட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பிறகே உயர்த்த வேண்டும்.

மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்படும் இவ்வாகனங்களின் டயர்கள் தேயுமுன்பே முதுமையடைந்துவிடும். டயரின் பக்கவாட்டிலுள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அதன் வயதைச் சொல்லும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. நமது வேன் டயரிலும் இவ்விலக்கங்கள் இருக்கும். அடுத்த பயணத்துக்கு முன் வாப்பாவுடன் சேர்ந்து பாருங்கள்.