முதுகெலும்புக்கும் அளவு உண்டு!
ஆள் மாறினால் ஆணியும் மாறும்

ஏற்காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? சேலத்தில் பஸ் ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்ததும் குளுகுளு காற்று. எங்கு பார்த்தாலும் காப்பித் தோட்டம். காப்பிச் செடிக்கு நிழல் தர ஓங்கி நிற்கும் சில்வர் ஓக் மரங்கள். அந்த மரங்களைத் தழுவிக் கொண்டு மேலே ஏறுகிறது மிளகுக் கொடி.

பார்க்க அழகுதான். பறிக்கிறவருக்குத்தான் கஷ்டம் தெரியும். ஏணியைச் சாத்தி ஏற வேண்டும். ஒரு கை கொடியில். ஒரு கை ஏணியில். பனியில் நனைந்த ஏணி வழுக்கினால்?

20 அடி உயரத்தில் இருந்து ஒருவர் விழுந்து விட்டார் என்று வைத்துக் கொள்வோம். முதுகெலும்பு நொறுங்கி விட்டது. ஆனால் கால் விரல்களை இன்னும் அசைக்கிறார். அந்த அசைவு போய் விடாமல், நொறுங்கிய எலும்பை டாக்டர் நிமிர்த்த வேண்டும். அதற்கு அவர் பயன்படுத்தும் சாமான் என்ன தெரியுமா?

திருகாணி!

எலும்புப் பாலம்

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. சின்னச் சின்ன எலும்புகளை அடுக்கிய கோபுரம். கழுத்தில் 7. நெஞ்சுப் பகுதியில் 12. இடுப்பில் 5. (சிலருக்கு இடுப்பில் 4 இருக்கும், சிலருக்கு 6 இருக்கும். சரியாக எண்ணாமல் கத்தியை எடுத்தால், எலும்பு மாறிப் போகும்!)

ஒவ்வோர் எலும்பும் முன்பக்கம் கட்டை போல இருக்கும். பின்பக்கம் வளையம் போல இருக்கும். வளையத்துக்குள் தண்டுவடமும் நரம்புகளும் ஓடுகின்றன. மூளையின் கட்டளை காலுக்குப் போவது இந்த வழியாகத்தான்.

கட்டையையும் வளையத்தையும் இணைக்க, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்புப் பாலங்கள் உண்டு. "பெடிக்கிள்" என்பது டாக்டர்கள் வைத்த பெயர். முதுகுப் பக்கம் இருந்து இந்தப் பாலத்துக்குள் ஆணியை முறுக்குகிறார்கள். முனை முன்பக்கக் கட்டையில் போய்ப் பிடித்துக் கொள்ளும். நொறுங்கிய எலும்புக்கு மேலும் கீழும் இப்படி ஆணிகளைப் பொருத்தி, கம்பியால் இணைத்து விடுவார்கள். பாரிஸ் டாக்டர் ராய்-கமீல் 1963-ம் ஆண்டில் தொடங்கிய முறை இது.

பென்சில் பருமன் கூட இல்லை

பாலம் எவ்வளவு அகலம்? அமெரிக்காவில் ஜிண்ட்ரிக் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் அளந்தார்கள். 1987-ல் வெளியிட்டார்கள். இடுப்பின் கடைசி எலும்பில் சராசரி 18 மில்லி மீட்டர். நெஞ்சின் 5-வது எலும்பில் நாலரை மில்லி மீட்டர்தான்!

இது அவர்கள் கணக்கு. நம்மவர்களுக்கு?

மித்ரா, தாதிர் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இந்தியர்களின் எலும்புகளை அளந்து, 2002, 2004-ம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார்கள். பல எலும்புகளில் நம்மவரின் பாலம் இன்னும் குறுகல் என்று தெரிந்தது. உடம்பு சிறியது, எலும்பும் சிறியது. இதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை.

ஆனால் திருகாணி நாலரை, ஐந்தரை, ஆறரை மில்லி மீட்டர் என்று வருகிறது. அங்கே பொருந்துகிற ஆணி இங்கே பாலத்தைப் பிளந்து விடலாம். மெல்லிய ரீப்பரில் தடித்த ஆணியை முறுக்கினால் என்ன ஆகும் என்று தச்சரைக் கேளுங்கள். ஆணி உள்பக்கம் விலகினால், அங்கே தண்டுவடம். வெளிப்பக்கம் விலகினால், அங்கே நுரையீரல், பெரிய ரத்தக் குழாய்!

ஜப்பானில் வேறு கதை

ஜப்பானியருக்கு வேறு ஒரு தொல்லை. தண்டுவடத்தின் முன்னால் உள்ள நார், எலும்பு போல இறுகித் தண்டுவடத்தை நெரிக்கும். அங்கே பெரியவர்கள் 100 பேரில் 2 முதல் 4 பேருக்கு இந்த நார் இறுகி இருக்கும். வெள்ளைக்காரர்களிடம் இது மிகவும் குறைவு. அதனால் ஜப்பானிய டாக்டர்கள் தாங்களே வழி தேடினார்கள். கழுத்து எலும்பின் வளையத்தைக் கதவைத் திறப்பது போலத் திறந்து, தண்டுவடத்துக்கு இடம் தரும் ஆபரேசனை ஹிராபயாஷி என்ற டாக்டர் 1977-ல் செய்தார்.

சராசரியை நம்பலாமா?

இந்தியர் எலும்பு இவ்வளவு என்று ஒரு கணக்கு வைத்துக் கொண்டால் போதுமா? போதாது. ஏற்காட்டில் காப்பி பறிக்கும் குட்டையான பெண்ணும் இந்தியர். சேலத்தில் நிற்கும் ஆறடிப் போலீஸ்காரரும் இந்தியர். இருவருக்கும் ஒரே ஆணியா? சராசரி எச்சரிக்கை செய்யும். அவ்வளவுதான். அவரவர் எலும்பை சி.டி. ஸ்கேன் எடுத்து, ஒவ்வொரு பாலமாக அளந்து, அதற்கு ஏற்ற ஆணியை எடுக்க வேண்டும்.

கோவை கங்கா ஆஸ்பத்திரியில் டாக்டர் ராஜசேகரன் குழுவினர் ஒரு சோதனை நடத்தி, 2007-ல் வெளியிட்டார்கள். முதுகு வளைந்த 33 பேருக்கு ஆபரேசன். நெஞ்சுப் பகுதியில் மொத்தம் 478 ஆணிகள். சிலருக்கு வழக்கமான முறை. சிலருக்கு, ஆணி போகும் பாதையைக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்தபடியே முறுக்கும் முறை. வழக்கமான முறையில் 100-க்கு 23 ஆணிகள் பாலத்தின் சுவரைத் தாண்டின. கம்ப்யூட்டர் முறையில் 100-க்கு 2 மட்டுமே! தாண்டிய ஆணி எல்லாம் ஆளை முடக்கி விடாது. கொஞ்சம் தாண்டினால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனாலும் 23 எங்கே, 2 எங்கே?

தூக்கி உட்கார வைக்காதீர்கள்

மிளகு மரத்தடியில் கிடப்பவரை மறந்து விடவில்லை. அவர் ஸ்கேன் மேசைக்குப் போய்ச் சேரும் முன்பே கெடுத்து விடுகிறவர்கள் உண்டு. கையைப் பிடித்துத் தூக்குவார்கள். ஜீப்பில் உட்கார வைத்து, 20 வளைவுகளிலும் குலுக்கிக் கொண்டு போவார்கள். நொறுங்கிய எலும்பு அந்தக் குலுக்கலிலேயே தண்டுவடத்தைக் குத்தி விடும்.

ஆட்டாமல் வைத்து, 108-க்குச் சொல்லுங்கள். வண்டி வர முடியாத தோட்டம் என்றால், நாலைந்து பேர் சேர்ந்து, தலையும் முதுகும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்கும்படி ஒன்றாகப் புரட்டி, பலகையில் மல்லாக்கக் கிடத்துங்கள். பலகை இல்லையா? கழற்றிய கதவு போதும்.