எலிக்கு முந்திக் கொடுத்த கீழாநெல்லி

மழை விழுந்து கொஞ்ச நாளில் பனவடலிசத்திரம் பக்கத்துக் கரிசல் வரப்புகளில் கீழாநெல்லி தழைத்துவிடும். ஒரு ஈர்க்கைத் திருப்பிப் பார்த்தால் இலைகளுக்கு அடியில் கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். பெயர் வந்ததே அதனால்தான். வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் அதை வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். கூடவே உப்பில்லாப் பத்தியம்.

கல்லீரலைக் கீழாநெல்லி காக்கிறது என்று ஆராய்ச்சியே சொல்லிவிட்டதாக இப்போது பேசப்படுகிறது. அது பொய்யில்லை. ஆனால் மருந்து முதலில் வந்ததா, நஞ்சு முதலில் வந்ததா என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த உண்மை பாதிதான்.

இத்தகைய சோதனைகளில் பெரும்பாலானவை ஒரே முறையில் நடப்பவை. வெள்ளெலிக்குச் சில நாள் மூலிகைச் சாறு கொடுப்பார்கள். பிறகு கார்பன் டெட்ராகுளோரைடோ, அளவு மீறிய பாராசிட்டமாலோ கொடுத்துக் கல்லீரலைப் புண்ணாக்குவார்கள். கல்லீரல் செல் உடைந்தால் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி ரத்தத்தில் கசியும். மூலிகை குடித்த எலிகளிடம் அந்தக் கசிவு குறைவாக இருக்கும். கீழாநெல்லியில் இது பலமுறை காணப்பட்டிருக்கிறது.

கல்லீரல் எப்படிப் புண்ணாகிறது என்பதைப் பாராசிட்டமாலை வைத்தே புரிந்துகொள்ளலாம். அதன் பெரும்பகுதியைக் கல்லீரல் சிக்கலில்லாமல் சிறுநீருக்கு அனுப்பிவிடும். சிறு பகுதி மட்டும் கடுமையான நச்சாக மாறும். அதைக் கட்டிப்போட, குளுட்டாதையோன் என்ற கந்தகச் சேர்மம் செல்லுக்குள் கையிருப்பில் உண்டு. மாத்திரை அளவு மீறினால் கையிருப்பு கரையும். சுமார் 70 சதவீதம் தீர்ந்ததும் நச்சு செல்லின் சொந்தப் புரதங்களிலேயே ஒட்டத் தொடங்குவதை 1973இல் அமெரிக்காவின் ஜெர்ரி மிட்செல் குழு விலங்குகளிடம் காட்டியது. அப்போது செல்லின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜன் வழிதவறி, அக்கம்பக்கத்தை எல்லாம் அரிக்கும் மூலக்கூறுகளாக வெளிவருகிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பது இதுதான். செத்த செல்கள் சிதறியதும் வெள்ளணுக்கள் திரண்டு வருவது அழற்சி. அது முழுக்கக் கெடுதல் என்று நினைத்துவிடக் கூடாது. குப்பையை அகற்றிப் புதுச் செல் வளர வழிவிடுவதும் அதே வெள்ளணுக்கள்தான்.

எலிக்குச் சாறு முன்னால் போகிறது, நஞ்சு பின்னால் வருகிறது. நம் வீட்டில் நடப்பது நேர்மாறு. வைரஸ் நுழைந்து, வாரக்கணக்கில் பெருகி, கண் மஞ்சளித்த பிறகுதான் அம்மி நகர்கிறது. அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். குணமாக்கிய பெயர் மட்டும் அன்று குடித்த மருந்துக்குப் போய்விடுகிறது.

மனிதர்களிடம் நடந்த பேர்பெற்ற சோதனை நம் சென்னையில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைட்டிஸ் பி வைரஸ் கண்டுபிடிப்புக்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் சேர்ந்த குழு 1988இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டது. அந்த வைரஸை உடலில் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து குடித்த 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. முதற்கட்ட ஆய்வு என்று அவர்களே எழுதியிருந்ததை நாம் முடிந்த முடிவாக எடுத்துக்கொண்டது நம் தவறு.

செடியிலும் குழப்பம் உண்டு. தென்னிந்தியாவின் 25 கடைகளில் வாங்கிய கீழாநெல்லிச் சரக்கை மரபணு வழியே ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ நாலில் ஒரு பங்கில் இருந்தது அதன் சொந்தக்கார இனங்கள்.

மூலிகையானாலும் மாத்திரையானாலும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது எல்லாம் நல்லது என்ற நம்பிக்கைக்குப் பெரிய அடி பின்லாந்தில் விழுந்தது. புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1994இல் வந்தபோது, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது.

நஞ்சு உள்ளே போன பிறகும் காப்பாற்றும் மருந்து ஒன்று உண்டு. அசிட்டைல்சிஸ்டீன், தீர்ந்துபோன குளுட்டாதையோனைத் திரும்ப நிரப்ப உதவுகிறது. எடின்பரோவில் பிரெஸ்காட் குழு பாராசிட்டமால் அளவு மீறிய 100 பேருக்கு அதை ரத்தநாளத்தில் ஏற்றி 1979இல் எழுதியது. 10 மணி நேரத்துக்குள் மருந்து ஏறிய 62 பேரில் ஒருவருக்கு மட்டுமே கல்லீரல் கடுமையாகப் பழுதானது. 8 மணி நேரத்துக்குள் என்றால் காப்பு இன்னும் உறுதி. இதில் வஞ்சகமான விஷயம், முதல் நாளில் ஆள் நன்றாகவே நடமாடுவார். லேசான குமட்டல் இருக்கலாம், அவ்வளவுதான். கண் மஞ்சளிக்கக் காத்திருந்தால் அந்த 8 மணி நேரம் எப்போதோ கடந்திருக்கும்.

காய்ச்சலுக்கு இரண்டு கடைகளில் வாங்கிய இரண்டு பெயர் மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கக்கூடும். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அதிலும் குறைவு. அளவு மீறியது தெரிந்தால் மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். காமாலைக்காரர் பேச்சுக் குழறினாலோ, பகலெல்லாம் தூங்கினாலோ, பல் ஈறில் ரத்தம் கசிந்தாலோ அப்போதும் அப்படித்தான். பனவடலிசத்திரத்துக்குச் சங்கரன்கோவில் அரசு மருத்துவமனை பக்கம். திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போக, தேவர்குளம், மானூர் வழியாக பஸ் உண்டு.