வாசகசாலையும் புதிய யந்திரங்களும்

யந்திரத்தைக் கண்டு மயங்குவோர் உளர், மருளுவோரும் உளர். இவ்விரு சாராரும் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்றுண்டு. இக்கருவியால் யாருக்குப் பிரயோஜனம் என்பதே அது. நமது பொது நூலகங்களில் கம்ப்யூட்டரும் மின்னூலும் இடம்பெற்றுவரும் இக்காலத்தில், இக்கேள்வியை எழுப்புவதற்குத் திருப்பூரைக் காட்டிலும் தகுதி வாய்ந்த நகரம் தமிழ்நாட்டில் வேறில்லை. 1932 ஜனவரியில் கொடியைக் கைவிடாமல் குமரன் அடிபட்டு உயிர்நீத்தது இங்கேதான். அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்குத் தலைமை ஸ்தலமாக விளங்கியதும், இன்று உலகச் சந்தைக்குப் பனியன் துணி தைத்து அனுப்புவதும் இவ்வூரே. ராட்டையின் அருமையையும் மின்சார யந்திரத்தின் வேகத்தையும் ஒருங்கே அறிந்தவர்கள் இந்நகரவாசிகள்.

காந்தியடிகள் யந்திரங்களின் ஜன்ம விரோதி என்று கூறுவோர் 1924-ல் அவர் ஸ்ரீ ஜி. ராமசந்திரனுடன் நிகழ்த்திய சம்பாஷணையைப் படித்திருக்கமாட்டார்கள். யந்திரத்தின் மீதுள்ள வெறியையே தாம் எதிர்ப்பதாகச் சொன்ன அவர், சிங்கர் தையல் யந்திரத்தை அதற்கு விலக்காக எடுத்துக் காட்டினார். மனைவி ஊசியோடு படும் சிரமத்தைக் குறைக்கும் பொருட்டு அன்பினால் பிறந்த கருவி அது என்பது அவர் கருத்து. இன்றும் திருப்பூர்க் கம்பெனி வாசல்களில் 'சிங்கர் டெய்லர் தேவை' என்ற பலகைகளைக் காணலாம். அன்பினால் பிறந்ததா, வெறியினால் பிறந்ததா என்ற அந்த உரைகல்லையே நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு கருவிக்கும் நாம் பிரயோகிக்கலாம்.

சட்டம் தந்த உரிமை

சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய பெருமை சென்னை மாகாணத்துக்கு உரியது. 1948-ல் அச்சட்டம் நிறைவேறியபோது கல்வி மந்திரியாயிருந்தவர் இத்திருப்பூரிற் பிறந்த ஸ்ரீ தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். அதற்கு அடிகோலியவர் டாக்டர் சீ. இரா. ரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்து, 1924-ல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகரான அப்பெரியார், 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகள் உலகெங்கும் நூலகர்களுக்கு வேதமாயின. புஸ்தகம் பூட்டி வைப்பதற்கன்று, படிப்பதற்கே. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிட்ட வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் வாய்க்க வேண்டும். வாசகனின் நேரம் வீணாகலாகாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர்ப்பொருள் என்பன அவ்விதிகளின் சாரம். அவ்வாண்டிலேயே மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புஸ்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அக்காலத்துக்கு அது ஒரு புதிய யுக்தியே. வண்டி பழைய வண்டிதான். வாசகனைத் தேடிச் செல்ல வேண்டுமென்ற எண்ணம் புதிது.

இவ்விதிகளைத் திருப்பூர்த் தொழிலாளிக்குப் பொருத்திப் பாருங்கள். காலையில் கம்பெனிக்குள் நுழையும் ஓவர்லாக் டெய்லர், ஒன்றரை ஷிப்டு முடித்து வெளியே வரும்போது இரவாகிவிடுகிறது. அவருக்கு வாசகசாலையின் கதவு திறந்திருக்கும் நேரமே முதற்பிரச்னை. மாலையில் மூடிவிடும் நூலகத்தில் எத்தனை விலையுயர்ந்த யந்திரத்தை வைத்தாலும் அது அவருக்கு இல்லாததற்குச் சமானம். ஆதலால் இரவிலும் விடுமுறை நாளிலும் நூலகத்தைத் திறந்து வைப்பதற்கு வேண்டிய சிப்பந்திகளை நியமிப்பதே முதல் சீர்திருத்தம். அதன் பின்னரே யந்திரம். நூற்பட்டியலைக் கைபேசியிலேயே பார்க்கவும், வேண்டிய நூலை முன்கூட்டிக் கேட்டு வைக்கவும், தவணையை நீட்டிக்கவும் வசதி செய்தால், அவருக்கு ஒரு நாள் கூலியும் ஒரு வீண் நடையும் மிச்சமாகும். நான்காம் விதி கேட்பது இதுவே.

படமும் எழுத்தும்

பழைய நூல்களை மின்வடிவாக்கும் பணியில் தமிழர் பின்தங்கியவரல்லர். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல தேசங்களிலுள்ள தமிழர் ஊதியமின்றி நூல்களை உள்ளிட்டு உலகுக்கு வழங்கினர். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூற்செல்வம் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்று, முதலில் நுண்படச் சுருளிலும் பின்னர் மின்வடிவிலும் காக்கப்பட்டது. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஈழத்து எழுத்துக்களைச் சேகரித்து வைக்க 2005-ல் தோன்றிய நூலகம் திட்டத்தின் அருமை அத்தீயை நினைப்பவர்க்கே நன்கு விளங்கும். ஒரே பிரதி ஒரே அறையில் இருப்பது எவ்வளவு பெரிய அபாயம்!

ஆயினும் பக்கத்தைப் படம் பிடிப்பது மட்டும் போதாது. கண்பார்வையற்ற வாசகருக்கு நூலை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருள், எழுத்தாக உள்ளதைப் படிக்குமேயன்றிப் படமாக உள்ளதைப் படியாது. பார்வைக் குறையுள்ளோருக்காக நூல்களை மாற்று வடிவில் ஆக்கிக்கொள்ள நமது பதிப்புரிமைச் சட்டம் 2012-ல் இடமளித்தது. அதே நோக்கமுடைய மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் முதன்முதலாக உறுதிசெய்த நாடும் இந்தியாவே. சட்டம் திறந்த வாயிலை நமது சோம்பல் அடைத்துவிடலாகாது. நூற்பட்டியலும் அவ்வாறே. ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டி வைத்த பழைய பட்டியல்கள் மற்றொரு கம்ப்யூட்டரில் குழப்ப எழுத்தாகிவிடும். யூனிகோடு முறையில் அமைந்த பட்டியலே ஊருக்கு ஊர் செல்லும்.

சுயராஜ்யம் இதிலும் வேண்டும்

வாங்கிய யந்திரத்துக்கு எஜமானர் யார் என்பதும் விசாரிக்கத் தக்கது. நியூஜிலாந்தில் ஹோரோவெனுவா என்னும் சிறு பகுதியின் நூலகத்தார், தங்கள் பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டின் தேதிகளைத் தாங்காதென அறிந்து, புதிதாக ஒன்றை எழுதுவித்து, எவரும் இலவசமாக எடுத்தாளலாம் என்று உலகுக்கு விட்டுக்கொடுத்தனர். கோஹா என்பது அதன் பெயர். மாவோரி மொழியில் கொடை என்று பொருள். நம் தேசிய தகவலியல் மையமும் இ-கிரந்தாலயா என்ற மென்பொருளை அளித்திருக்கிறது. இத்தகையவை இருக்க, ஒரே வியாபாரியிடம் பட்டியலை அடகு வைப்பது விவேகமன்று. 2023 அக்டோபரில் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் கம்ப்யூட்டர்களைக் கொள்ளையர் முடக்கியபோது, அதன் பிரதான நூற்பட்டியல் 2024 ஜனவரி வரையில் வாசகர்க்குக் கிட்டவில்லை. செல்வம் மிக்க ஸ்தாபனத்துக்கே அக்கதி நேர்ந்ததெனில், தனிப்பிரதி எடுத்து வைக்காத சிறு நூலகத்தின் கதி என்னாகும்?

மற்றொன்றும் உண்டு. யார் எந்த நூலை எடுத்துச் சென்றார் என்பதை யந்திரம் மறப்பதில்லை. 1928-ல் பாரதியாரின் பாடல் நூல்களைச் சென்னைச் சர்க்கார் பறிமுதல் செய்ததை மறவாத நாம், வாசகனின் படிப்பு அவனுடைய சொந்த விஷயம் என்பதை வலியுறுத்தக் கடமைப்பட்டவர்கள். நூல் திரும்பி வந்ததும் அக்குறிப்பை அழித்துவிடுவதே நேர்மை.

இவையனைத்துக்கும் மேலாக நூலகர் வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கு உழைக்கும் இளைஞன் எந்தப் பித்தானை அழுத்துவது என்றறியாமல் நிற்கையில், அவனுடைய மொழியில் ஒரு நூலைத் தேடித் தருவது மனிதன் செய்ய வேண்டிய காரியம். கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் செயற்கை அறிவு இன்று வந்திருக்கிறது. விடை சரியா தவறா என்று மூல நூலைத் திறந்து காட்டும் நூலகரின் தேவை அதனால் அதிகமாகியிருக்கிறதே தவிர, குறைந்துவிடவில்லை.

வீட்டுவரியோடு நூலக வரியும் செலுத்தும் பிரஜைகளுக்கு இவற்றைக் கேட்கும் உரிமை உண்டு. ஒவ்வொரு நூலகத்தின் வாசகர் வட்டமும், புதிய கருவி வாங்கப்படுமுன் சில கேள்விகளை எழுப்ப வேண்டும். இது யாருடைய சிரமத்தைக் குறைக்கும்? பழுதானால் யார் சீர்செய்வார்? கண்ணில்லாதவரும் கையில் காசில்லாதவரும் இதைப் பயன்படுத்த முடியுமா? வாசகனின் இரகசியம் காக்கப்படுமா? திருப்தியான விடை கிடைத்தால் யந்திரத்தை மேளதாளத்தோடு வரவேற்போம். கிடைக்காவிடில், அப்பணத்துக்கு நல்ல நூல்களை வாங்கி, இரவு பத்து மணி வரை விளக்கேற்றி வைப்போம். ராட்டைக்கும் சிங்கருக்கும் இடமளித்த திருப்பூர் இவ்விஷயத்திலும் தமிழ்நாட்டுக்கு வழிகாட்டுமாக!