ரெபேக்காவைக் கேட்டார்கள்

உலகம் உண்டான கதைக்குத் தொடக்க நூலின் முதல் அதிகாரம் எடுத்துக்கொள்வது 31 வசனம். ஒரு பையனுக்குப் பெண் தேடிய கதைக்கு 24ஆம் அதிகாரம் எடுத்துக்கொள்வது 67. அந்த நூலிலேயே இதுதான் நீளமான அதிகாரம். மாப்பிள்ளை ஈசாக்குக்கு அப்போது 40 வயது. அம்மா தவறிப்போயிருந்தார். அப்பா ஆபிரகாமுக்குத் தள்ளாத வயது, பயணம் போகும் தெம்பில்லை. பெண் பார்க்கப் போனவர் வீட்டின் மூத்த வேலைக்காரர். எலியேசர் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அந்த அதிகாரத்தில் அவருக்குப் பெயரே கிடையாது. பத்து ஒட்டகங்களையும் சீர்வரிசைப் பொருளையும் ஓட்டிக்கொண்டு நாகோரின் ஊருக்குப் போய், ரெபேக்கா என்ற பெண்ணைக் கண்டு, காரியத்தை முடித்துக்கொண்டு திரும்பினார்.

ஈப்போவின் சிலிபினில் இந்தக் கதை தெரியாத கிறிஸ்தவ வீடு இருக்காது. ஈப்போ தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குச் சிலிபின் லூர்து மாதா கோயில் நெடுநாள் முகவரி. அக்கம்பக்கத்தில் மெதடிஸ்ட் குடும்பங்களும் பெந்தெகொஸ்தே ஜெபக் கூட்டங்களும் உண்டு. எந்தச் சபையானாலும் கல்யாணம் என்றால் ரெபேக்கா வந்துவிடுவார். லத்தீன் பூசைக் காலத்துத் திருமண ஆசீரிலேயே, ரெபேக்காவைப் போல் அறிவுள்ளவளாக இருக்கட்டும் என்று மணப்பெண்ணுக்காக வேண்டினார்கள். 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தின் திருமண ஜெபத்திலும் ஈசாக்கு, ரெபேக்கா பெயர்கள் இருக்கின்றன. பிரசங்கமும் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஜெபித்தார், அடையாளம் கேட்டார், கடவுள் காட்டினார், நம்பினோர் கெடுவதில்லை. ஆமென். அடுத்தது மண்டபத்தில் பிரியாணி.

பிரசங்கம் கிணற்றடியிலேயே நின்றுவிடுகிறது என்பதுதான் என் குறை.

இவ்வளவு நீண்ட அதிகாரத்தில் கடவுள் நேரில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கனவு வருவதில்லை, புதர் எரிவதில்லை. உனக்கு முன்னால் தேவதூதன் போவான் என்று ஆபிரகாம் சொல்லி அனுப்புகிறார். அந்தத் தூதன் கடைசிவரை கண்ணில் படுவதே இல்லை. வேலைக்காரருக்குக் கிடைத்த வழிகாட்டுதல் எல்லாம் சாயங்கால வேளையில் ஒரு கிணறு, தண்ணீர் எடுக்க வரும் பெண்கள், தன் சொந்தப் புத்தி இவ்வளவுதான். அங்கே நின்றுதான் ஜெபிக்கிறார். நான் தண்ணீர் கேட்டால் கொடுத்து, ஒட்டகங்களுக்கும் ஊற்றுகிறேன் என்று எந்தப் பெண் தானாகச் சொல்கிறாளோ, அவளே நீர் குறித்தவள்.

இதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதைப் போல நினைத்துவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நெடுந்தூரம் நடந்து காய்ந்துபோன ஒட்டகம் ஒரே மூச்சில் நூறு லிட்டர் வரை குடிக்கும். பாதி என்றே வைப்போம். பத்து ஒட்டகத்துக்கு 500 லிட்டர். குடத்துக்கு 12 லிட்டர் என்றால் நாற்பது நடைக்கு மேல். அதுவும் படி இறங்கி, நிரப்பி, ஏறி, தொட்டியில் ஊற்றி, திரும்ப ஓடி. முன்பின் தெரியாத ஒரு கிழவருக்காக. கேட்காமலே இதைச் செய்யும் பெண்ணின் கை சும்மா இருக்காது, மனம் சுருங்காது, வந்தவரை வாசலில் நிறுத்தாது. வேலைக்காரர் கேட்ட அடையாளம் குணத்தைப் பார்க்கும் சோதனை.

இதைப் பேராக் தோட்டத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. சுங்கை சிப்புட், சிம்மோர், பத்து காஜா வட்டாரங்களில் லயத்து வீடுகளில் வாழ்ந்த தலைமுறை இப்படித்தான் பெண் பார்த்தது. விடியும் முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு யார் நேரத்தோடு வருகிறாள், காண்டா கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு யார் மேட்டில் ஏறி வருகிறாள், பொதுக் குழாயடியில் பக்கத்து வீட்டுக் கிழவிக்கு யார் ஒரு குடம் பிடித்துக் கொடுக்கிறாள், எல்லாவற்றையும் தோட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. தனியாகப் போய் விசாரிக்க வேண்டியதில்லை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல தோட்டங்கள் வீடமைப்பாக மாறின, சனம் ஈப்போவின் ஓரங்களில் தரைவீட்டுக்கும் அடுக்கு வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. குழாய் வீட்டுக்குள் வந்துவிட்டது. நல்லதுதான், முதுகு தப்பியது. ஆனால் யார் எப்படிப்பட்டவர் என்று பார்க்கும் இடம் போய்விட்டது. அந்த இடத்துக்கு இப்போது வந்திருப்பது வாட்ஸ்அப்பில் சுற்றும் பயோடேட்டா: உயரம், சம்பளம், சொந்த வீடா, என்ன கார், "கர்த்தருக்குள் வளர்ந்தவர்".

கதைக்குத் திரும்புவோம். ரெபேக்கா ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றும்போது வேலைக்காரர் வாயைத் திறக்கவில்லை, பார்த்துக்கொண்டே நிற்கிறார். கேட்ட அடையாளம் கண்ணெதிரில் நடக்கிறது, அப்போதும் அல்லேலூயா சொல்லிக் குதிக்கவில்லை. எல்லாம் குடித்து முடித்த பிறகுதான் பொன் மூக்குத்தியும் இரண்டு காப்பும் வெளியே வருகின்றன. நீ யார் மகள் என்ற கேள்வியும் வருகிறது. நகையைப் பார்த்ததும் அண்ணன் லாபான் வேகமாக ஓடிவந்து வரவேற்கிறானே, அந்த இடத்தில் கதை எழுதியவர் லேசாகச் சிரித்திருக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பொருள் போவது மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு. ரெபேக்காவின் பெயரால் ஆசி வாங்கிக்கொண்டு பெண் வீட்டில் சீர் கணக்குக் கேட்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வேலைக்காரரின் விசுவாசம் எங்கே தெரிகிறது? ஜெபத்தில் என்பார்கள். எனக்கு அது வேறு இரண்டு இடங்களில் தெரிகிறது. புறப்படும் முன்பே ஆபிரகாமிடம் கேட்கிறார்: அந்தப் பெண் வர மனமில்லை என்றால்? ஆபிரகாமின் பதில், அப்படியானால் இந்தச் சத்தியத்திலிருந்து நீ விடுபட்டாய். வற்புறுத்து என்று சொல்லவில்லை, தூக்கிக்கொண்டு வா என்றும் சொல்லவில்லை. பெண் வீட்டில் சோற்றைத் தொடும் முன் நடந்ததெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, முடியுமா முடியாதா சொல்லிவிடுங்கள், வலமோ இடமோ நான் பார்த்துப் போகிறேன் என்கிறார். கடவுள் காட்டிய பெண் இவள்தான் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் ‘வேண்டாம்’ என்ற பதிலுக்கு இரண்டு இடத்திலும் கதவைத் திறந்து வைக்கிறார்.

மறுநாள் காலை, பத்து நாளாவது இருக்கட்டுமே என்று அம்மாவும் அண்ணனும் இழுக்கிறார்கள். தாமதம் வேண்டாம் என்கிறார் இவர். அப்போதுதான் அந்த வீட்டில் யாருக்கோ புத்தி வருகிறது: பெண்ணைக் கூப்பிட்டு அவள் வாயாலேயே கேட்போம். கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அவள் சம்மதம் சொல்கிறாள். ஒட்டகம் புறப்படுகிறது. தனியாகவும் அனுப்பவில்லை, தாதியும் தோழிப்பெண்களும் கூடப் போகிறார்கள்.

அன்று கேட்டது கல்யாணச் சம்மதமே இல்லை, உடனே புறப்படுகிறாயா என்பது மட்டும்தான், கல்யாணத்தை ஆண்கள் முந்தின இரவே பேசி முடித்துவிட்டார்கள் என்று வாதிடுவோர் உண்டு. இருக்கலாம். ஆனால் 11ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராஷி, பழைய மரபைப் பின்பற்றி, பெண்ணின் சம்மதமில்லாமல் அவளை மணமுடித்துக் கொடுக்கலாகாது என்ற விதியை இந்த இடத்திலிருந்துதான் எடுத்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 சட்டத் தொகுப்பில் 1057ஆம் விதி, திருமணத்தை உண்டாக்குவது இருவரின் சம்மதம், அதை வேறு எந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய முடியாது என்கிறது. அப்பா, சபை மூப்பர், ஜெப வீரர் எல்லாருமே இந்த வேறு மனிதர்களில் அடக்கம்.

மலாயாவுக்குப் பெண்கள் வந்த கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய், சொந்தபந்தத்திலிருந்தே ஆள் சேர்த்து வந்தார். 1938ல் இந்திய அரசு அந்த வழியை அடைத்தது. பிறகும் இங்கே வேலையில் இருந்தவருக்கு அங்கே பெண் பேசி, கப்பலேற்றி அனுப்புவது நடந்தது. 1926 முதல் 1970களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ‘ரஜுலா’ கப்பல் எத்தனையோ புதுப்பெண்களை ஏற்றி வந்தது. ஆபிரகாம் வீட்டு வழக்கமேதான்: தூரத்து ஊர், சொந்த சனம், நடுவில் ஓர் ஆள், முகம் பாராத மாப்பிள்ளை. அந்த ஒரு கேள்வி மட்டும் கப்பலில் ஏறியதா என்பதுதான் சந்தேகம்.

இந்தக் கட்டுரைக்காக, சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, இப்போது சிலிபினில் மகன் வீட்டில் இருக்கும் ஒரு பாட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன். மடியில் ஜெபமாலை. உங்களைக் கேட்டாங்களா பாட்டி என்றேன்.

"யாரைக் கேட்டாங்க? தண்டல் வந்து அப்பாகிட்ட பேசினாரு, அப்பா வெத்தலை வாங்கிட்டாரு. அந்நேரம் நான் ஸ்டோருல பால் ஊத்திக்கிட்டு நிக்கிறேன். சாயங்காலம் அம்மா என்னைக்கும் இல்லாம கூப்பிட்டு உக்கார வச்சுத் தலை பின்னிவிட்டாங்க. அப்பதான் ஏதோ நடக்குதுன்னு தெரிஞ்சுது."

"தாத்தா நல்லவரா?"

"நல்லவருதான். அது வேற பேச்சு, தம்பி."

அது பழைய காலம், இப்போதெல்லாம் அப்படியா என்பீர்கள். இப்போது வேறு மாதிரி. இதை எழுத உட்கார்ந்ததும் அதற்காகத்தான். அன்று அப்பா வெற்றிலை வாங்கினால் முடிந்தது. இன்று, ‘ஆண்டவர் காட்டிட்டார்’ என்றால் முடிந்தது. ஜெபக் கூட்டத்தில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்ட பையனைப் பார்க்கிறேன் என்கிறார். புது வருஷத்து வாக்குத்தத்த அட்டையில் வந்த வசனத்தில் பையன் பெயர் இருந்தது என்கிறார் இன்னொருவர். கண்ணை மூடி விரலை வைத்த இடத்தில் ரெபேக்காவே வந்தார் என்கிறார் மூன்றாமவர். தேடினால் பைபிளில் எந்தப் பெயர்தான் வராது?

ஈப்போவில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை பார்க்கும் பெண், வயது 27, சொன்னது இது: "பையனைப் பிடிக்கலன்னு இல்லண்ணே. பிடிச்சிருக்கான்னு யாரும் கேக்கவே இல்ல. ஆண்டவர் வெளிப்படுத்திட்டார்னு சொன்னதுமே அப்பா மண்டபத்துக்கு முன்பணம் கட்டிட்டாரு. இப்ப நான் வேணாம்னு சொன்னா அப்பா பேச்சைக் கேக்கல என்கிறதோட போகாது. ஆண்டவரையே வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடும்."

அப்பாவை எதிர்த்தால் சித்தப்பாவிடமாவது முறையிடலாம். ஆண்டவர் பெயரைச் சொல்லி அடைத்த வாயை யாரிடம் போய்த் திறப்பாள்? படித்த பெண், சம்பாதிக்கும் பெண், கார் ஓட்டும் பெண். தண்ணீர்க் குடத்தோடு நின்ற ரெபேக்காவுக்குக் கிடைத்த கேள்வி இவளுக்குக் கிடைக்கவில்லை. வேலைக்காரர் ஒரு முறைக்கு இரு முறை திறந்து வைத்த கதவை, அவர் பெயரைச் சொல்லியே நாம் பூட்டிக்கொண்டிருக்கிறோம். கடவுள் காட்டினார் என்று உண்மையிலேயே நம்புகிறவருக்குப் பெண்ணிடம் கேட்பதில் என்ன பயம்? அவர் காட்டியது சரியென்றால் அவளுக்கும் காட்டியிருக்க மாட்டாரா?

அடையாளமே கேட்கக் கூடாதா, விசுவாசத்தைக் கொச்சைப்படுத்தாதீர்கள் என்று ஒரு மூத்த போதகர் என்னிடம் வருத்தப்பட்டார். தாராளமாகக் கேளுங்கள். ஒட்டகத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி, ஆளின் குணம் தெரிகிற அடையாளமாகக் கேளுங்கள். பையனுக்கும் சேர்த்து.

சொந்த இனத்தில்தான் எடுக்க வேண்டும் என்று ஆபிரகாமே சொன்னாரே என்று சாதிக்கு இந்த அதிகாரத்தைத் துணைக்கு அழைப்பவர்களும் இருக்கிறார்கள். தாவீது ராஜாவின் கொள்ளுப்பாட்டி ரூத்து மோவாபியப் பெண் என்பதை அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொன்னால் தேவலை.

கடவுள் காட்டிய கல்யாணம் என்பதால் பிறகு எல்லாம் சுகமாகப் போனதா என்றால் இல்லை. இருபது வருஷம் குழந்தையில்லை. ஈசாக்கு மனைவிக்காக மன்றாடினார். பிறந்த இரட்டையரில் அப்பாவுக்கு ஒருவன் செல்லம், அம்மாவுக்கு மற்றவன். கண் மங்கிய கணவரை ஏமாற்றி இளையவனுக்கு ஆசி வாங்கித் தரும் ரெபேக்காவையும் அதே நூல் மறைக்காமல் காட்டுகிறது. இதைக் கல்யாண மேடையில் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் விடுவதும் மரியாதைதான்.

நம் மலேசியாவில் முஸ்லிம் அல்லாதார் திருமணங்களுக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 21 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். 21 ஆகிவிட்டால் பெற்றோர் கையெழுத்துக்கு வேலையில்லை. ஒருவரை மிரட்டி மணம் செய்ய வைப்பது குற்றம். நெருக்கடியில் கொடுத்த சம்மதத்தைக் காட்டித் திருமணத்தை ரத்து செய்யவும் நீதிமன்றம் போகலாம். கோயிலிலும் திருமண அறிவிப்பு ஓலை வாசிக்கும் முன் சாமியார் பெண்ணையும் பையனையும் தனித்தனியே கூப்பிட்டு, மனமொத்துத்தான் வருகிறீர்களா என்று விசாரிப்பார். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த விசாரணை வருவதற்குள் மண்டபம் பேசியாகிவிடுகிறது, சேலை எடுத்தாகிவிடுகிறது, பினாங்கிலிருக்கும் அத்தைக்குச் சொல்லியாகிவிடுகிறது. அந்த நிலையில் சாமியார் அறையில் உட்கார்ந்து இல்லை என்று சொல்ல எந்தப் பெண்ணுக்குத் தைரியம் வரும்?

ஆகவே சபை மூப்பர்களுக்கும் பங்குக் குருக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தக் கேள்வியைப் பரிசத் தட்டு மாற்றும் நாளுக்கு முன்னால் கொண்டு வாருங்கள். அப்பா, அம்மா, வெளிப்படுத்தல் சொன்னவர் எல்லாரும் வெளியே இருக்கட்டும். பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, அவளுக்கு நம்பிக்கையான ஒரு பெண்மணியை விட்டே கேட்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால், அந்தச் செய்தியை அவள் வீட்டில் போய்ச் சொல்லும் பொறுப்பையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.